லெவிதான் கண்ட நிலம்

நிலக்காட்சி ஓவியத்தைப் பற்றி வழங்கிவரும் அபிப்பிராயங்களுள் மிகவும் மேலோட்டமானது, அது மனித வாழ்வின் இன்பதுன்பங்களினின்றும் ஒதுங்கி மரத்தையும் நீரையும் வானத்தையும் நாடிச் செல்லும் ஓய்வுக் கலை என்பதுதான். போர்க்களங்களையும் முடிசூட்டு விழாக்களையும் புராண சம்பவங்களையும் தீட்டுவதற்கு அறிவும் கற்பனையும் வேண்டும், கண்ணெதிரே கிடக்கும் வயலையோ ஆற்றங்கரையையோ உள்ளது உள்ளபடி எழுதுவதற்குப் பொறுமையுள்ள கை ஒன்று இருந்தால் போதும் என்று ஐரோப்பாவின் கலைக்கழகங்களே நெடுங்காலம் கருதிவந்தன. சித்திர வகைகளை உயர்வு தாழ்வாக வரிசைப்படுத்தியபோது நிலக்காட்சியை அவை கீழ்ப்படியில்தான் உட்காரவைத்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வரிசை குலைந்தது. இங்கிலாந்தில் கான்ஸ்டபிளும், பிரான்ஸில் பார்பிஸான் கிராமத்துக் காட்டோரத்தில் தங்கி உழைத்த ஓவியர்களும், ருஷ்யாவில் சவ்ராசொவும் ஷிஷ்கினும், தாங்கள் நடமாடிய சாதாரண மண்ணையே எழுதத் தகுந்த பொருளாகக் கொண்டு, ஒரு மேகத்தின் பாரத்துக்கும் ஒரு குட்டையின் ஒளிக்கும் சரித்திர சம்பவத்துக்கு உரிய மரியாதையை வழங்கினார்கள். அவர்கள் திறந்துவைத்த வழியில் பின்னால் வந்து வெகு தூரம் சென்றவர் இசாக் லெவிதான். 1860-ல் பிறந்து 1900-ல், நாற்பது வயது நிறைவதற்கு முன்பே மறைந்துவிட்ட அந்த ருஷ்ய ஓவியரின் நிலக்காட்சிகளில் மனித உருவத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆயினும் ஒரு மனிதனின் வாழ்வு முழுவதும், அவனுடைய அச்சமும் ஏக்கமும் நன்றியும் உட்பட, அவற்றில் நிறைந்து நிற்கிறது. யதார்த்தமாக எழுதப்பட்ட நிலத்துக்குள் எழுதியவனின் வாழ்வு எந்த வழியாகப் புகுகிறது என்று யோசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

லெவிதான் பிறந்தது அன்றைய ருஷ்ய சாம்ராஜ்யத்தின் மேற்கு எல்லையில், இப்போது லிதுவேனியாவைச் சேர்ந்ததாயுள்ள கிபார்த்தி என்னும் சிற்றூரில், ஓர் எளிய யூதக் குடும்பத்தில். ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் பயிற்சி பெற்றிருந்த தகப்பனார், ரயில்பாலம் கட்டவந்த பிரெஞ்சுக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராகவும், பின்னர் வீடுகளுக்குச் சென்று பாடம் சொல்லிக்கொடுப்பவராகவும் காலம் தள்ளினார். 1870-ஆம் ஆண்டை ஒட்டிக் குடும்பம் மாஸ்கோவில் குடியேறியது; 1873-ல் இசாக், தம் தமையனைப் பின்பற்றி, மாஸ்கோவின் ஓவிய, சிற்ப, கட்டடக் கலைப் பள்ளியில் சேர்ந்தார். 1875-ல் தாயும், இரண்டு ஆண்டு கழித்து விஷ ஜுரத்தில் தகப்பனாரும் இறந்துபோக, பிள்ளைகள் நிராதரவாக நின்றார்கள். தலைசாய்க்க இடமின்றி, இரவில் காவற்காரன் கண்ணில் படாமல் பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே ஒளிந்து உறங்கிய நாட்கள் அந்த இளைஞருக்கு உண்டு. சம்பளம் செலுத்த வகையில்லாமல் படிப்பே நின்றுவிடும்போல் இருந்த நிலையில், அவருடைய கொடிய வறுமையையும் கலையில் அவர் காட்டிய தேர்ச்சியையும் முன்னிட்டுப் பள்ளி அந்தச் சம்பளத்தைத் தள்ளுபடி செய்தது.

நிலக்காட்சி வகுப்பை அப்போது நடத்திவந்தவர் அலெக்ஸி சவ்ராசொவ். உருகிச் சேறாகிக்கொண்டிருக்கும் பனி, கோணல்மாணலாக வளர்ந்த சில பெர்ச் மரங்கள், அவற்றின் உச்சியில் கூடு கட்டும் கரிய பறவைகள், பின்னால் வேலியும் பழைய மாதாகோவிலின் மணிக்கூண்டும் ஆகிய இவ்வளவே கொண்ட 'காக்கைகள் திரும்பி வந்துவிட்டன' என்ற படத்தை 1871-ல் எழுதி, அழகு என்று எவரும் திரும்பிப் பாராத இடத்தில் ஒரு தேசத்தின் வசந்தத்தையே கண்டுகாட்டியவர் அவர். நகரத்து ஓரத்திலுள்ள காடுகளுக்கும் வெளிகளுக்கும் மாணவர்களை அனுப்பி, வசந்தம் வருவதை முதலில் கண்ணால் பார்த்துவிட்டு வரும்படி சொல்வதுதான் அவருடைய போதனையின் சாரம். குடியினால் சீரழிந்து, 1882-ல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, 1897-ல் அநாதையைப் போல் அவர் இறந்தபோது, அவருக்குப் பத்திரிகையில் அஞ்சலி எழுதியவர் லெவிதான். ருஷ்ய நிலக்காட்சிக்குள் இசைத்தன்மையையும் பிறந்த மண்ணின்மேல் எல்லையற்ற பிரியத்தையும் கொண்டுவந்தவர் தம் ஆசான் என்று அவர் அதில் நன்றியோடு பதிந்துவைத்தார். சவ்ராசொவுக்குப் பின் வந்த பொலேனொவ், வெயிலையும் நிழலையும் திறந்தவெளியில் நின்று நேராக எழுதும் வித்தையைக் கற்பித்தார். ஒருவரிடமிருந்து அன்பும் மற்றவரிடமிருந்து ஒளியும் லெவிதானுக்குக் கிடைத்தன.

1879 ஏப்ரலில் ஜார் இரண்டாம் அலெக்ஸாந்தரைச் சுட்டுக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. சுட்டவன் யூதன் அல்லன். ஆனாலும் அதன் விளைவாக மாஸ்கோவை விட்டு வெளியேறும்படி யூதர்களுக்கு உத்தரவு பிறந்தது. பதினெட்டு வயதான லெவிதான் உடன்பிறந்தாருடன் நகரத்துக்கு வெளியே சல்த்திகொவ்கா என்ற இடத்துக்குப் போய்த் தங்கினார். 'இலையுதிர்கால நாள், சொக்கோல்னிக்கி' என்ற அவருடைய முதல் புகழ்பெற்ற படம் அந்த ஆண்டில் எழுதியது. இருபுறமும் இருண்டு உயர்ந்த பைன் மரங்கள், ஓரங்களில் அண்மையில் நட்ட மஞ்சள் இலைக் கன்றுகள், சருகு ஒதுங்கிக் கிடக்கும் ஒரு பூங்காப் பாதை வளைந்து செல்கிறது. அதன் நடுவே கறுப்புடை அணிந்த ஒரு பெண் தனியே நடந்து வருகிறாள். அந்தப் பெண்ணை எழுதியது லெவிதான் அல்லர். சக மாணவரும் எழுத்தாளர் அன்டன் செகாவின் தமையனாருமான நிகொலாய் செகாவ். மாஸ்கோவின் வணிகரும் கலாரசிகருமான பாவெல் திரெத்யாகொவ் 1880-ல் அதை வாங்கித் தம் சேகரத்தில் சேர்த்துக்கொண்டார். வேறொருவர் கையால் வந்த அந்த உருவத்தை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் படத்தின் தனிமை குறைவதில்லை என்பதே ஆச்சரியம். மேகங்கள் ஓடும் திசையிலும் மரங்களுக்கிடையே பாதை அகன்று கிடக்கும் விதத்திலும் அந்தத் தனிமை முன்னமே குடிகொண்டுவிட்டது. மனிதனை எழுதாமலே மனிதனைச் சொல்ல முடியும் என்ற உண்மை அந்த இளைஞரின் கைக்கு, அவர் புத்தி அதை அறிந்துகொள்வதற்கு முன்பே, வசமாகியிருந்தது.

செகாவ் குடும்பத்துடன் ஏற்பட்ட நட்பு 1885-ல் பாப்கினோ என்ற பண்ணையில் கழித்த கோடைக்காலத்தில் உறுதிப்பட்டது. 1887-ல் வொல்கா நதியை நாடிச் சென்ற முதல் பிரயாணம் அவரைச் சோர்வடையச் செய்தது. சாம்பல் நிற மழையும் பரந்த சூனியமுமாகத் தென்பட்ட அந்நதி அவர் நெஞ்சோடு பேசவில்லை. அழகின் எல்லையின்மையை உணர்ந்தும் அதைச் சொல்லத் திறனற்றுப்போவதைக் காட்டிலும் பெரிய துயரம் வேறில்லை என்ற கருத்துப்பட அவர் அன்டன் செகாவுக்குக் கடிதம் எழுதியதும் அந்த ஆண்டில்தான். அடுத்த கோடையில் அவர் மறுபடியும் நதிக்குப் போனார். தோழி ஸோஃபியா குவ்ஷினிக்கொவாவும் ஓவியர் ஸ்தெப்பானொவும் உடன்வரக் கப்பலில் சென்று, கரையோரச் சிற்றூரான ப்ளியோஸில் இறங்கி, 1888 முதல் 1890 வரை மூன்று கோடைகளை அங்கே கழித்தார். 'மாலை, பொன்மயமான ப்ளியோஸ்', 'மழைக்குப் பின், ப்ளியோஸ்' ஆகிய 1889-ஆம் ஆண்டுப் படங்கள் அங்கே பிறந்தன. முதலாவதில் நதிமீது பரவிவரும் இளம் மூடுபனியையும் சாயுங்கால ஒளியையும் நாம் காண்கிறோம். இரண்டாவதில் கரையில் நிற்கும் படகுகளின் ஈரம் இன்னும் உலரவில்லை. முன்பு பேசாதிருந்த நதி அதே நதிதான். அதன் அருகில் தங்கி, நாளுக்கு நாள் பார்த்துப் பழகியதன் பலன் இவ்வளவும்.

இங்கே யதார்த்தம் என்பதைப் பற்றிச் சற்று நின்று யோசிக்க வேண்டும். இலையிலையாக, பட்டைப்பட்டையாக ஒரு காட்டை எழுதுவது ஒருவகை யதார்த்தம். அதில் ஷிஷ்கினை மிஞ்சியவர் இல்லை. லெவிதான் நாடிய உண்மை வேறு. ஒரு குறிப்பிட்ட பருவத்தின் ஒரு குறிப்பிட்ட வேளையில் வானத்துக்கும் நீருக்கும் மண்ணுக்கும் இடையே ஒளி எந்த விகிதத்தில் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதே அவர் தேடிய விஷயம். அந்த விகிதம் ஓர் இம்மி பிசகினால், வீணையில் ஒரு தந்தி சுருதி கலைந்ததுபோல், படம் முழுவதும் பொய்யாகிவிடும். அது சரியாக அமைந்துவிட்டால் விவரங்களைக் குறைத்துக்கொள்ளலாம், மரத்தின் இலைகளை எண்ணிக்காட்ட வேண்டிய அவசியமில்லை. ஆகவே அவர் அவசரப்படுவதில்லை. வெளியில் நின்று எழுதிய சிறு முன்வரைவுகளைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, நினைவில் ஊறவிட்டு, சில படங்களை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்திருந்து முடித்தார். வெயிற்பொட்டுகள் புல்லில் சிதறிக் கிடக்கும் 'பெர்ச் தோப்பு' என்ற சிறிய படம் 1885-ல் பாப்கினோவில் தொடங்கி 1889-ல் ப்ளியோஸில் முடிந்தது. பார்த்ததற்கு விசுவாசமாயிருப்பது, பார்த்த அந்தக் கணத்தோடு முடிந்துபோகும் காரியம் அல்ல என்பதை அவருடைய உழைப்பு நமக்குத் தெரிவிக்கிறது.

அந்த விசுவாசம் எவ்வளவு பெரிய பாரத்தைச் சுமக்கவல்லது என்பதற்கு 1892-ல் எழுதிய 'விளாதிமிர்கா' என்ற படமே சான்று. விளாதிமிர் மாகாணத்தில் போல்தினோவுக்கு அருகில் அந்தக் கோடையைக் கழித்த லெவிதான், ஒருநாள் வேட்டை முடிந்து திரும்பும் வழியில் ஒரு பழைய நெடுஞ்சாலையின் மேல் வந்து நின்றார். சாலையின் அமைதியான அழகில் முதலில் மனம் தோய்ந்தவர், அது எந்தச் சாலை என்பது நினைவுக்கு வந்ததும் திடுக்கிட்டார் என்று உடனிருந்த குவ்ஷினிக்கொவா எழுதிவைத்திருக்கிறார். ரயில் வருவதற்கு முன், தண்டனை பெற்ற கைதிகள் காலில் விலங்குடன் சைபீரியாவுக்கு நடந்துசென்ற சாலை அது.

படத்தில் கைதிகள் இல்லை, விலங்கு இல்லை, காவற்படை இல்லை. மந்தாரமான வானத்தின் கீழ் அகன்ற மண்சாலை ஒன்று நேரே அடிவானத்துக்குப் போகிறது. வண்டித்தடங்கள் பதிந்த நடுச்சாலைக்குப் பக்கத்தில், புல்லைத் தேய்த்துக்கொண்டு மெல்லிய ஒற்றையடிப் பாதைகள் அதனோடு கூடவே ஓடுகின்றன. அவற்றைச் சற்று உற்றுப் பார்த்தால், எந்தக் கருவியும் இடாத பாதைகள் அவை, காலடிகள் மட்டுமே தேய்த்து உண்டாக்கியவை என்பது புலப்படும். சாலையோரத்தில் சிறு கூரையிட்ட ஒரு மரக்கம்பத்தில் பழைய சாமிபடம். அதன் அருகே முதுகில் மூட்டை சுமந்த யாத்திரைக்காரி ஒருத்தி, வெகு சிறியவளாக, நிற்கிறாள். தொலைவில் விளைந்த வயலின் ஒரு வெளிறிய கீற்றும், வெண்புள்ளியாக ஒரு மாதாகோவிலும். எத்தனை பேர் அவ்வழியே நடந்தார்கள் என்பதைச் சித்திரிக்க முனைந்திருந்தால் ஒரு கூட்டத்தைத்தான் எழுதியிருக்க முடியும். அந்தக் கூட்டம் ஒரு நாளைய கூட்டமாக மட்டுமே இருந்திருக்கும். நடந்தவர்களை விலக்கிவிட்டு நடந்த தடத்தை மட்டும் எழுதியதனால், தலைமுறை தலைமுறையாக அவ்வழியே போனவர்கள் எல்லோருக்கும் அந்தப் படத்தில் இடம் கிடைத்துவிட்டது. இரக்கத்தை வேண்டிக் கையேந்தும் சித்திரங்கள் எத்தனையோ உண்டு. மண்ணின் மேடுபள்ளத்தை உண்மையாக எழுதியதன் மூலமே மனச்சாட்சியைத் தொட்ட சித்திரம் இதைப் போல் வேறொன்றை நான் அறியேன்.

அந்த ஆண்டின் இலையுதிர்காலத்திலேயே எழுதியவரின் தலையிலும் விதி விழுந்தது. மாஸ்கோவிலிருந்து யூதர்களை அகற்றும் நடவடிக்கை மறுபடியும் மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம் அது. லெவிதான் அதற்கு முந்தைய ஆண்டிலேயே நடமாடும் கண்காட்சி ஓவியர் சங்கத்தின் அங்கத்தினராகியிருந்தார்; நாடறிந்த கலைஞர்; இருந்தும் நகரத்தைவிட்டு வெளியேற வேண்டியவரானார். நண்பர்கள் ஓயாமல் முயன்றதன்பேரில் டிசம்பரில்தான் திரும்பிவர அனுமதி கிடைத்தது. திரெத்யாகொவ் தம் கலைச் சேகரம் முழுவதையும் மாஸ்கோ நகரத்துக்கே தானமாக எழுதிக்கொடுத்ததும் அதே 1892-ல் என்பதைச் சேர்த்து எண்ணிப்பார்க்க வேண்டும். லெவிதானின் படங்கள் நகரத்தின் பொதுச்சொத்தாக அங்கே சுவரில் தொங்கின. அவற்றை எழுதிய கைக்கு அதே நகரத்தில் குடியிருக்க உரிமை இல்லை. அநீதி இழைத்த மண்ணை வெறுப்பது மனித இயல்பு. அதை மன்னித்துப் பாடுவது மகான்களின் இயல்பு. லெவிதான் இவ்விரண்டையும் செய்யவில்லை. அதிகாரம் வேறு, ஆறும் சாலையும் வேறு என்ற தெளிவுடன், மண்ணைத் தொடர்ந்து உண்மையாகப் பார்த்துவந்தார். விளாதிமிர்காப் படத்தைப் பின்னர் அவர் திரெத்யாகொவின் காட்சிசாலைக்கு அன்பளிப்பாகவே கொடுத்தார்.

1894-ல் முடித்த 'நித்திய சாந்தியின் மேல்' அவருடைய படங்களுள் அளவிலும் எண்ணத்திலும் பெரியவற்றுள் ஒன்று. அகலத்தில் இரண்டு மீட்டரைத் தாண்டியது. ஏரிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மேட்டில், காற்றில் வளையும் சில மரங்களுக்கிடையே சாம்பல் நிற மரக்கோவில், சாய்ந்த சிலுவைகள் கொண்ட கல்லறைகள், கோவிலின் சிறு ஜன்னலில் மினுங்கும் விளக்கொளி. மீதி அனைத்தும் நீரும் வானமும். தம் ஆன்மா முழுவதும், தம் உள்ளடக்கம் முழுவதும் அந்தப் படத்தில் இருப்பதாக அவர் திரெத்யாகொவுக்கு எழுதினார். அவ்வாறு எழுதியவர் அந்தப் படத்தில் தமக்கென்று ஒரு நிழலைக்கூட வைத்துக்கொள்ளவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

லெவிதானின் நிலக்காட்சிகளை 'உணர்ச்சி நிலக்காட்சி' என்று விமர்சகர்கள் வகைப்படுத்துவது வழக்கம். ஓவியன் தன் மனநிலையை நிலத்தின்மேல் ஏற்றிக்காட்டுகிறான் என்று அதற்குப் பொருள் கொண்டால் அது பெரும் பிழை என்பதற்கு 1895-ஆம் ஆண்டே போதுமான நிரூபணம். கொடிய மனச்சோர்வு அவருடைய ஆயுட்கால வியாதி. 1892-ல் செகாவ் வெளியிட்ட 'வெட்டுக்கிளி' என்ற சிறுகதையில் தம்முடைய வாழ்க்கையும் குவ்ஷினிக்கொவாவின் வாழ்க்கையும் அம்பலப்பட்டுவிட்டதாகக் கருதி அவர் கொண்ட மனஸ்தாபம் சுமார் மூன்று ஆண்டு நீடித்து, 1895 ஜனவரியில்தான் தீர்ந்தது. அதே ஆண்டின் கோடையில், த்வேர் மாகாணத்துக் கோர்க்கா என்ற பண்ணையில் தங்கியிருந்தபோது, அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்றார். செய்தி கேட்டு செகாவ் புறப்பட்டுச் சென்று உடனிருந்து தேற்றினார். அதே பண்ணையில் சில மாதங்களுக்கு முன்பு எழுதிய படம் 'மார்ச்'. வெயிலில் மஞ்சளாகச் சுடரும் வீட்டுச் சுவர், பாதி திறந்த கதவு, வாசலில் பனிச்சறுக்கு வண்டியில் பூட்டி நிற்கும் ஒரு குதிரை, மெலிந்த மரத்தின் உயரத்தில் பறவைக்கென்று கட்டிய ஒரு மரக்கூடு, இளகத் தொடங்கிய பனியின்மேல் நீல நிறத்தில் படிந்த நிழல்கள். பனியின் நிழல் கறுப்பு அன்று, நீலம் என்று கண்டு, அந்த நீலத்துக்குள்ளும் எத்தனை படிகள் உண்டு என்று கண்டு எழுதியிருக்கிறார். யாரோ இப்போதுதான் உள்ளே போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்று நிச்சயமாகத் தோன்றுகிறது. 'பொன் இலையுதிர்காலம்', 'வொல்காவில் புதுக்காற்று' ஆகிய ஒளிமிகுந்த படங்களை அவர் நிறைவேற்றியதும் அந்த ஆண்டில்தான். வாழ விருப்பமற்றிருந்த ஒருவரின் மனநிலை நிலத்தின்மேல் ஏறியிருந்தால் இந்த வெயில் எங்கிருந்து வந்திருக்கும்? அவர் தம் துயரத்தை நிலத்துக்குக் கொடுக்கவில்லை. துயரத்தின் நடுவிலும் நிலத்தின் களிப்பை மறைக்காமல் ஏற்றுக்கொண்டார். ஆகவே அவருடைய வாழ்வு படங்களுக்குள் புகுந்த வாயில் மனநிலை என்று சொல்வதற்கில்லை. பார்வையில் அவர் கடைப்பிடித்த நாணயமே அந்த வாயில்.

கடைசி ஆண்டுகள் இருதய நோயுடன் கழிந்தன. 1897-ல் அவருடைய மார்பைச் சோதித்துப் பார்த்த, டாக்டருமான செகாவ் நிலைமையின் கடுமையை உணர்ந்துகொண்டார். இருந்தும் 1898-ல், தாம் படித்த அதே பள்ளியில் நிலக்காட்சி வகுப்பின் ஆசிரியப் பொறுப்பை லெவிதான் ஏற்றார். மாணவர்கள் குளிர்காலத்திலும் உயிருள்ள பசுமையைப் பார்த்தே எழுத வேண்டும் என்பதற்காகச் செடிகளையும் மரக்கன்றுகளையும் வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார். 1900-ஆம் ஆண்டு பிறந்த வேளையில் அவர் யால்தாவில் செகாவின் விருந்தினர். தென்கோடிக் கடற்கரையில் கட்டுண்டு கிடந்த நோயாளி நண்பர் வடக்கின் வயல்வெளிக்கு ஏங்குவதைக் கண்டு, ஓர் அட்டையில் நிலவொளியில் நிற்கும் வைக்கோற்போர்களை விரைவாக எழுதி, அவருடைய படிப்பறையின் கணப்படுப்பு மாடத்தில் பொருத்திக்கொடுத்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 4 அன்று மாஸ்கோவில் உயிர் நீத்தார். மாஸ்கோவின் யூதக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய எச்சங்கள் 1941-ல் நோவொதெவீச்சி மயானத்துக்கு மாற்றப்பட்டன. இப்போது செகாவின் சமாதிக்கு அருகில் இருக்கின்றன.

இறக்குமுன் தமக்கு வந்த கடிதங்கள் அனைத்தையும் எரித்துவிடும்படி லெவிதான் தமையனாரைக் கேட்டுக்கொண்டார், அப்படியே எரிக்கப்பட்டன. ஜீவிய சரித்திரக்காரர்களுக்கு அது நஷ்டம். படம் பார்ப்பவர்களுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை என்றே நான் நினைக்கிறேன். தன்னைப் பற்றிச் சொல்லவேண்டும் என்ற ஆசையை அடக்கி, எதிரே இருப்பதற்கு முழு இடம் விட்டு நின்றவரின் வரலாறு, அவர் எதை, எவ்வளவு அன்போடு, எத்தனை துல்லியமாகப் பார்த்தார் என்பதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. குடியிருக்க இடம் மறுக்கப்பட்டவருக்கு, கால் பட்டுத் தேய்ந்த புல்லும் திறந்து கிடக்கும் கதவும் மற்றவர்களுக்குப் போல் சாதாரண விஷயங்களாக இருக்க முடியாது. அவை ஒவ்வொன்றும் கிடைத்தற்கரிய பேறாகவே கண்ணில் பட்டிருக்கும். அந்த மதிப்போடு பார்த்தவர் அவற்றை மிகைப்படுத்தவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கலைஞன் தன்னை வெளிப்படுத்துவதே கலை என்று எல்லாப் பக்கமும் கேட்கும் இக்காலத்தில், தன்னை விலக்கிக்கொண்டு பொருளை வெளிப்படுத்துவதும் கலையே, அதுவே கடினமான கலை என்று லெவிதானின் நிலக்காட்சிகள் நமக்கு நினைவூட்டுகின்றன. நம்மைச் சுற்றிக் கிடக்கும் நிலத்தை அந்த அளவுக்கு ஒருமுறையாவது பார்த்தவனுக்கு, அதை அலட்சியமாக மிதித்துச் செல்வதும் அழிப்பதும் இனி எளிதாயிராது. யதார்த்த ஓவியம் மனிதனுக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம் இதுவே என்பது என் உறுதியான நம்பிக்கை.